ஏதென்ஸ் பைசாந்திய அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு கைகாட்டி

ஏதென்ஸ் போகிறவர்கள் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறுவார்கள், பிளாக்கா சந்துகளில் சுற்றுவார்கள், மறுநாள் ஏதாவது ஒரு தீவுக்குக் கப்பல் பிடித்துவிடுவார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் போனது. கடைசி நாளில் அரைப் பொழுது மிச்சம் இருந்ததால் பைசாந்திய, கிறிஸ்தவ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். பைசாந்தியம் என்பது இன்றைய இஸ்தான்புல்லைத் தலைநகராகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசு. நாற்பதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது. எல்லாப் படத்துக்கும் பின்னால் அதே தங்கம். எல்லாரும் என்னை முறைக்கிறார்கள்.

அடுத்த முறை போனபோது, நடுக்கூடத்தில் நிற்கும் ஓர் ஓவியப் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்னாலும் ஓர் ஓவியம் இருந்தது. ஒரே பலகையில் எதற்கு இரண்டு பக்கமும் வரைய வேண்டும்? தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போவதற்கு. முன்னால் போகிறவனும் பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவனும் பார்க்க வேண்டும். இது பிடிபட்ட பிறகு அந்த இடமே வேறாகிவிட்டது. இங்கே இருக்கிற எதையும் சுவரில் மாட்டி ரசிப்பதற்காக யாரும் செய்யவில்லை. முத்தமிட்டார்கள், தோளில் சுமந்தார்கள், மெழுகுவத்திப் புகையில் கறுக்கவிட்டார்கள், எதிரி வந்தபோது மண்ணில் புதைத்தார்கள், ஊரை விட்டு ஓடியபோது மூட்டையில் கட்டிக்கொண்டார்கள். அந்தப் புழக்கத்தின் தடத்தைத் தேடிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் போவது தெரியாது. எப்படித் தேடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

முதல் எச்சரிக்கை பெயரைப் பற்றியது. கிரேக்கத்தில் இதே துறைக்கு இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் உண்டு. தெசலோனிக்கியில் இருப்பது பைசாந்தியப் பண்பாட்டு அருங்காட்சியகம், 1994இல் திறந்தது. ஏதென்ஸில் இருப்பது பைசாந்திய, கிறிஸ்தவ அருங்காட்சியகம், 1914இல் நிறுவியது. இணையத்தில் தேடும்போது இரண்டின் படங்களும் நேரங்களும் கலந்து வரும். ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

திறந்திருக்கும் நேரம் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. செவ்வாய்க்கிழமை மட்டும் தனி ஏற்பாடாக இருக்கும் என்பதால், போகிற வாரத்தில் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். மூன்றாம் ஆள் எழுதிய பயணப் பக்கங்களை நம்ப வேண்டாம். அனுமதிச் சீட்டை வாசலிலேயே வாங்கலாம். அக்ரோபோலிஸ் போல இங்கே வரிசை நீளாது. ஏப்ரல் 18, அக்டோபர் 28, செப்டம்பர் கடைசி வார இறுதி, நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறு ஆகிய நாட்களில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. உங்கள் பயணம் அந்த நாட்களில் விழுந்தால் லாபம்.

இன்னொரு தயாரிப்பு ஐந்தே ஐந்து ஆண்டுகள். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் போதும், உள்ளே இருக்கும் அறிவிப்புப் பலகைகளில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

330: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தலைநகரைப் பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க ஊருக்கு மாற்றுகிறார். அது கான்ஸ்டான்டிநோபிள் ஆகிறது, இன்றைய இஸ்தான்புல்.
843: கடவுளை ஓவியமாக வரையலாமா கூடாதா என்ற நூறாண்டுச் சண்டை முடிகிறது. வரையலாம் என்ற கட்சி ஜெயிக்கிறது.
1204: சிலுவைப் போருக்கு என்று கிளம்பி வந்த மேற்கத்தியப் படை, வழியில் கான்ஸ்டான்டிநோபிளையே கொள்ளையடிக்கிறது. ஏதென்ஸும் மேற்கத்தியப் பிரபுக்கள் கைக்குப் போகிறது.
1453: தலைநகரம் உஸ்மானியத் துருக்கியர் வசமாகிறது.
1922: ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கிரேக்கர்கள் அகதிகளாகக் கிரேக்கத்துக்கு வருகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம்: இந்தப் பேரரசின் மக்கள் தங்களைப் பைசாந்தியர்கள் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. கடைசி நாள் வரை தங்களை ரோமர்கள் என்றுதான் சொன்னார்கள். பைசாந்தியர் என்பது பிற்கால அறிஞர்கள் ஒட்டிய பெயர்.

போகும் வழி

மெட்ரோவின் 3ஆம் தடத்தில் எவாங்கெலிஸ்மோஸ் நிலையத்தில் இறங்குங்கள். நகர மையத்துச் சதுக்கமான சின்டக்மாவிலிருந்து அடுத்த நிலையம்தான். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அதே தடம், வண்டி மாற வேண்டாம். ஆனால் விமான நிலையப் பயணத்துக்குச் சீட்டு வேறு, விலையும் அதிகம். நகரச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஏறினால் அபராதம் கட்ட நேரும்.

அந்த வண்டியில் வரும்போது வழியில் தூகிசிஸ் பிளாகெண்டியாஸ் என்று ஒரு நிலையம் வரும். பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்சம் பிறகு அவரைச் சந்திப்போம்.

நிலையத்திலிருந்து மேலே வந்ததும் வாசிலிசிஸ் சோஃபியாஸ் என்ற அகலமான சாலை. பழைய போர் விமானங்கள் வெளியே நிற்கும் கட்டடம் ஒன்று கண்ணில் படும். அது போர் அருங்காட்சியகம். அதைத் தாண்டி நகர மையத்தை நோக்கி நடந்தால் அதே கையில் 22ஆம் எண். வெயில் இல்லாத நாளென்றால் சின்டக்மாவிலிருந்தே நடந்து வரலாம், கால் மணி நேரம் ஆகும். நாடாளுமன்றம், தேசியத் தோட்டம் எல்லாம் வழியிலேயே இருக்கின்றன.

முற்றத்தில் பத்து நிமிடம்

வாசலைத் தாண்டியதும் நேராகச் சீட்டு வாங்கும் இடத்துக்கு ஓடாதீர்கள். முற்றத்தில் நில்லுங்கள். எதிரே இருக்கும் கல் மாளிகைக்கு வில்லா இலிசியா என்று பெயர். பக்கத்தில் ஓடிய இலிசோஸ் ஆற்றின் பெயரால் வந்தது. ஆறு இன்று மண்ணுக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1840க்கும் 1848க்கும் இடையில் ஸ்டமாட்டியோஸ் கிளியாந்திஸ் என்ற கட்டடக் கலைஞர் பிளசான்ஸ் கோமாட்டிக்காகக் கட்டிக் கொடுத்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரி, நெப்போலியன் காலத்துப் பிரபுக் குடும்பத்தின் மருமகள், கிரேக்க விடுதலையை ஆதரித்து இங்கே வந்து தங்கிவிட்டவர். மெட்ரோவில் பார்த்த தூகிசிஸ் பிளாகெண்டியாஸ் நிலையத்தின் பெயர் இவருடையதுதான்.

அருங்காட்சியகம் இந்த மாளிகைக்கு வந்தது 1930இல். அதற்குள்ளேயே அதன் சேகரிப்பு பெருகியிருந்தது. 1884இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொல்லியல் சங்கம் சேர்த்து வைத்தவை ஒரு பக்கம், 1922க்குப் பிறகு அகதிகள் கொண்டுவந்த கோயில் பொருட்கள் இன்னொரு பக்கம். இன்றைக்கு மொத்தம் 25,000க்கும் மேல். அத்தனையும் காட்சியில் இல்லை, பயப்பட வேண்டாம்.

மாளிகையைப் பார்த்துவிட்டு அதுதான் அருங்காட்சியகம் என்று நினைத்துவிடாதீர்கள். நிரந்தரக் காட்சி பெரும்பாலும் தரைக்குக் கீழே இருக்கிறது. படிப்படியாகக் கீழே இறங்கும் கூடங்கள். கோடையிலும் உள்ளே குளுமையாக இருக்கும், மெல்லிய சால்வை ஒன்று இருந்தால் நல்லது. பெரிய பையை வாசலில் கொடுத்துவிடுங்கள். படம் எடுக்கலாம், பளிச்சென்று வெளிச்சம் அடிக்கக் கூடாது.

முதல் கூடங்கள்: மெதுவாக

காலவரிசைப்படிதான் கூடங்கள் இருக்கின்றன. முதல் பகுதி பழைய கிரேக்க, ரோம உலகம் கிறிஸ்தவமாக மாறிய கதை. ஐகான்களை, அதாவது பலகையில் வரைந்த புனித உருவங்களை, தேடி வருகிறவர்கள் இதை ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அது தப்பு. எனக்கு இப்போது பிடித்த பகுதியே இதுதான்.

இங்கே ஒரு பளிங்குச் சிற்பம்: யாழ் போன்ற லைர் என்ற கருவியோடு ஓர் இளைஞன், அவனைச் சுற்றி மிருகங்கள். ஏஜினா தீவிலிருந்து வந்தது, 4ஆம் நூற்றாண்டு. அவன் ஆர்ஃபியஸ், இசையால் விலங்குகளை அடக்கிய கிரேக்கப் புராண நாயகன். கிறிஸ்தவ அருங்காட்சியகத்தில் இவனுக்கு என்ன வேலை? ஆன்மாக்களை வசப்படுத்தும் கிறிஸ்துவின் சாயலை ஆதிக் கிறிஸ்தவர்கள் அவனிடம் கண்டார்கள். பழைய கதையைத் தூக்கி எறியாமல் புதிய அர்த்தத்தை ஊற்றிக்கொண்டார்கள். சிற்பத்தின் வேலை என்ன என்று பாருங்கள்: மேசைக்கு முட்டுக்கால்! யாரோ ஒருவர் வீட்டு மேசையைத் தாங்கியது இது.

தோளில் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பன் சிலையும் பக்கத்தில் உண்டு, கொரிந்துவிலிருந்து வந்தது. "நல்ல மேய்ப்பன்" என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் ஆடு சுமக்கும் ஆள் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தியே கிரேக்கச் சிற்பத்தில் இருக்கிறான்.

அடுத்து, கிறிஸ்தவப் பார்த்தினன் பற்றிய பகுதி. அக்ரோபோலிஸ் மேல் நிற்கும் அந்தக் கோயில் ஏதீனா தேவிக்கு எத்தனை காலம் கோயிலாக இருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு காலம் மரியன்னைக்கும் கோயிலாக இருந்தது. பிறகு பள்ளிவாசலானது. மலைமேல் அந்தச் சுவடுகள் அநேகமாக இல்லை, 19ஆம் நூற்றாண்டில் "சுத்தம்" செய்துவிட்டார்கள். மிச்சக் கற்களை இங்கேதான் பார்க்க முடியும். காலையில் அக்ரோபோலிஸ், மாலையில் இந்த அறை என்று திட்டமிட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் நெய்த துணித் துண்டுகளையும் பாருங்கள். வறண்ட மணலில் கல்லறைகளுக்குள் கிடந்ததால் சாயம்கூடப் போகாமல் பிழைத்தவை.

பிறகு கிராட்டெகோஸ் புதையல். லெஸ்போஸ் தீவில் மிட்டிலினி ஊருக்குப் பக்கத்தில் 1951இல் கிடைத்தது. தங்க நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், காசுகள். 7ஆம் நூற்றாண்டில் யாரோ வசதியான குடும்பம் மண்ணில் புதைத்துவிட்டுப் போனது, திரும்பி வரவே இல்லை. எனக்கு அந்த நகைகளைவிடப் பாத்திரங்களைப் பார்த்தால்தான் மனசு கனக்கிறது. தினமும் கையில் எடுத்த சாமான்.

காசுகளைப் பற்றி ஒரு குறிப்பு. 4, 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் கரூர், மதுரை பக்கமும் இலங்கையிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. தலைநகரம் கான்ஸ்டான்டிநோபிளுக்கு மாறிய பிறகும் அந்தப் பேரரசின் சில்லறை நம் ஊர்வரை வந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேய்ந்த செப்புக் காசைப் பார்க்கும்போது அமராவதி ஆற்று மணல் ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை.

ஐகான் படிக்கக் கற்றுக்கொள்ளும் இடம்

இப்போது நடுப்பகுதி. கணினித் திரையில் நாம் தட்டுகிற ஐகானுக்குப் பெயர் கொடுத்தது இதுதான். ஐகான் என்றால் கிரேக்கத்தில் உருவம், சாயல். கிழக்கத்தியக் கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் அது வெறும் படம் இல்லை. படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவரைச் சேர்கிறது என்பது அவர்கள் கோட்பாடு. 843இல் முடிந்த சண்டையே இதைப் பற்றித்தான். அந்தச் சண்டையில் அழிந்தவை போக மிஞ்சிய பழைய ஐகான்கள் உலகத்திலேயே கொஞ்சம், அவற்றில் பெரும்பகுதி எகிப்தில் சினாய் மலை மடத்தில் இருக்கிறது. அதனால் இங்கே மிகப் பழையதைத் தேடி ஏமாற வேண்டாம். 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இந்த அருங்காட்சியகத்தின் பலம்.

ஐகான் எப்படிச் செய்தார்கள் என்பது தஞ்சாவூர் ஓவியம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். நம் ஊரிலும் அதைப் பலகைப் படம் என்றுதானே சொன்னார்கள். இரண்டுக்கும் உறவு இல்லை, ஆனால் வேலை ஏறக்குறைய ஒன்று. பலகை, அதன்மேல் வஜ்ஜிரம் தடவி ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணப் பொடியும் வஜ்ஜிரமும் குழைத்த பூச்சு பல தடவை, தேய்த்து வழவழப்பு. பிறகு கோடு, தங்க ரேக்கு, வண்ணம். வண்ணத்தைக் குழைக்க முட்டையின் மஞ்சள் கரு. முகத்துக்கு முதலில் கறும்பச்சை பூசி, மேலே மேலே வெளிர் நிறம் ஏற்றி, கடைசியில் மெல்லிய வெள்ளைக் கோடு இழுப்பார்கள். கன்னத்தோரத்தில் அந்தப் பச்சை எட்டிப் பார்க்கும், கிட்டப் போய்ப் பாருங்கள். அந்த முகங்கள் ஏன் உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல் இருக்கின்றன என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

சரி, யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளைப் படமாகப் பாருங்கள். ஆங்கில ஐ, சி, எக்ஸ், சி போல நான்கு எழுத்து தெரிந்தால் இயேசு கிறிஸ்து. இரண்டு சொற்களின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவை. எம், பி என்று ஒரு பக்கமும், நடுவில் கோடு போட்ட வட்டமும் ஒய்யும் இன்னொரு பக்கமும் இருந்தால் மரியா. "இறைவனின் தாய்" என்பதன் சுருக்கம். கிறிஸ்துவின் ஒளிவட்டத்துக்குள் சிலுவையும் அதில் மூன்று எழுத்துகளும் பல ஐகான்களில் இருக்கும். "இருக்கிறவர்" என்று பொருள். எரியும் முட்செடியிலிருந்து மோசே கேட்ட "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற குரலேதான்.

மரியாவின் கருஞ்சிவப்பு முக்காட்டில் நெற்றியிலும் தோள்களிலும் நட்சத்திரம் இருக்கும். கையால் குழந்தையைச் சுட்டிக் காட்டினால் அந்த வகைக்கு ஓதிகித்ரியா என்று பெயர், வழிகாட்டுபவள். கன்னத்தோடு கன்னம் வைத்திருந்தால் கிளிகோஃபிலூசா, இனிய முத்தம் தருபவள். இந்த இரண்டும் பழகிவிட்டால் பாதி ஐகான்கள் தீர்ந்தன.

புனிதர்களுக்கு முடியும் தாடியும்தான் அடையாள அட்டை. முன்வழுக்கையும் கூர்த்தாடியும் பவுல். குட்டையான சுருட்டை நரைத்தாடி பேதுரு. உயர்ந்த நெற்றியும் சின்ன வெள்ளைத் தாடியும் பிஷப் உடையும் நிக்கோலஸ். சடைமுடியோடு ஒட்டக ரோம உடையில் மெலிந்து நிற்பவர் திருமுழுக்கு யோவான், சில படங்களில் அவருக்கு இறக்கைகூட உண்டு, தூதர் என்பதால். தாடி இல்லாத இரண்டு போர்வீரர்கள் அடிக்கடி வருவார்கள். சுருள்முடி என்றால் ஜார்ஜ், வெள்ளைக் குதிரை. படிந்த முடி என்றால் டிமெட்ரியோஸ், சிவப்புக் குதிரை. முதல் அறையிலேயே நாலு பேரைச் சரியாகச் சொல்லிவிட்டால் கூட வந்தவர்கள் அசந்துபோவார்கள். குழந்தைகளோடு போனால் இதையே போட்டியாக வைத்துவிடுங்கள், அவர்கள் நம்மைவிட வேகம்.

பார்க்காமல் வரக்கூடாதவை

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஐந்தாறு பொருளுக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள், மற்றவற்றை நடந்துகொண்டே பார்க்கலாம்.

முதலாவது, நான் சொன்ன இரட்டைப் பக்க ஐகான். முன்னால் சிலுவைப் பாடு, பின்னால் ஓதிகித்ரியா. ஒரே நாளில் வரைந்தது இல்லை. முன்பக்கத்தில் 9, 10, 13ஆம் நூற்றாண்டுகளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பின்பக்க மரியா 16ஆம் நூற்றாண்டு. ஓவியம் மங்கினால் நாம் "பழமையைப் பாதுகாக்க வேண்டும்" என்போம். அவர்கள் மேலேயே புதிதாக வரைந்தார்கள். வழிபாட்டில் இருக்கும் உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் சுற்றிவரும்படி நிறுத்தியிருக்கும் எந்தப் பலகையையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள்.

இரண்டாவது, தலைமைத் தூதர் மிக்கேல். 14ஆம் நூற்றாண்டு, கான்ஸ்டான்டிநோபிள் கைவண்ணம். கையில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உருண்டை, அதில் மூன்று எழுத்து: "கிறிஸ்து, நீதியுள்ள நடுவர்" என்பதன் சுருக்கம். சிறகின் தங்கக் கோடுகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேராக நின்றால் தெரியாத கோடுகள் தலையைக் கொஞ்சம் சாய்த்ததும் மின்னும். இந்த ஓவியங்கள் அசையும் சுடரில் பார்க்கச் செய்தவை. மின்விளக்கு அசையாது, ஆகவே நாம்தான் அசைய வேண்டும். தங்கம் பூசிய எந்த ஐகானுக்கும் இந்த உத்தி செல்லும்.

மூன்றாவது, எபிஸ்கெப்சிஸ் என்ற மொசைக் ஐகான். மொசைக் என்றதும் நம் வீட்டுத் தரை ஞாபகம் வரும், அது கல்துகளைச் சிமென்டில் குழைத்துத் தேய்ப்பது. இது வேறு. சின்னச் சின்னச் சில்லுகளை மரப்பலகையின் மேல் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். மர்மரா கடற்கரையில் திரிலியா என்ற ஊரில் இருந்தது, இன்றைக்கு அது துருக்கியின் பர்சா மாகாணத்தில் இருக்கிறது. 1922இல் ஊரைவிட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். அதன் கனத்தை மனக்கண்ணில் தூக்கிப் பாருங்கள். ஓடிவருகிறவன் எதை எடுப்பான், எதை விடுவான்? இதை எடுத்திருக்கிறார்கள்.

நான்காவது, கஸ்டோரியா பக்கத்திலிருந்து வந்த 13ஆம் நூற்றாண்டு ஜார்ஜ். இவரை வரையவில்லை, மரத்தில் புடைப்பாகச் செதுக்கி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பைசாந்தியர்களுக்கு ஐகானைச் செதுக்கும் பழக்கம் குறைவு. 1204க்குப் பிறகு வந்த மேற்கத்தியர்களின் நிழல் இதில் விழுந்திருக்கிறது. தாளில் எழுதிய ஐந்து ஆண்டுகளில் ஒன்று மரத்தில் பதிந்து நிற்பதை இங்கே பார்க்கலாம்.

ஐந்தாவது, 1301ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனம். பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகோஸ், மொனெம்வாசியா மறைமாவட்டத்துக்கு உரிமைகள் கொடுத்து எழுதியது. நம் செப்பேடு மாதிரி. தலைப்பில் ஒரு வண்ணப் படம்: பேரரசர் இதே சாசனத்தை கிறிஸ்துவின் கையில் கொடுக்கிறார். நில உரிமை ஆவணத்துக்கு யாரைச் சாட்சியாக வைத்திருக்கிறார் பாருங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அலைந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசிப்பார்கள்.

கடைசியாக, எவ்ரிதானியாவில் எபிஸ்கோப்பி என்ற கோயிலின் சுவரோவியங்கள். 1960களில் கிரெமாஸ்தா அணை கட்டியபோது கோயில் தண்ணீருக்குள் போகவிருந்தது. அதற்குள் சுவரோவியங்களை உரித்தெடுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உரிக்கும்போதுதான் மேல் ஓவியத்துக்கு அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று என்று மூன்று அடுக்கு வெளிவந்தது. மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுமே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்த அறையை விளக்கவே வேண்டாம்.

கடைசிக் கூடங்கள்: கொஞ்சம் வேகமாக

1453க்குப் பிந்தைய பகுதிக்கு வரும்போது கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். வெள்ளிப் பாத்திரங்கள், பூசை உடைகள் எல்லாம் வரிசையாக வரும். இவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தங்க நூல் வேலையில் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

ஆனால் கிரீட் தீவு ஐகான்களிடம் நில்லுங்கள். தலைநகரம் விழுந்த பிறகு ஓவியர்களின் பட்டறைகள் கிரீட்டில் செழித்தன. தீவு 1669 வரை வெனிஸ் ஆட்சியில் இருந்தது. வாங்குகிறவர்கள் இரண்டு வகை: கிரேக்க ஆர்த்தடாக்ஸ்காரர்கள், இத்தாலியக் கத்தோலிக்கர்கள். ஓவியர்கள் இரண்டு பாணியும் கைவசம் வைத்திருந்தார்கள். 1499இல் வணிகர்கள் இருவர் கொடுத்த ஆர்டர் ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது: மரியாவின் ஐகான்கள் 700 வேண்டும், 500 இத்தாலிய பாணியில், 200 கிரேக்க பாணியில். மூன்று ஓவியர்கள் பிரித்துக்கொண்டார்கள். தவம் இருந்து வரைந்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் உண்மைதான், கல்யாண சீசன் மாதிரி மொத்த ஆர்டர் பிடித்ததும் உண்மைதான். இந்தப் பட்டறைகளிலிருந்து கிளம்பிய ஒரு பையன்தான் பிற்பாடு ஸ்பெயினில் எல் கிரேக்கோ என்று பெயர் வாங்கினார்.

இங்கே ஒரு விளையாட்டு: மரியாவின் முக்காட்டின் மடிப்பைப் பாருங்கள். கோணல்மாணலாகத் தங்கக் கோடு வெட்டி வெட்டிப் போனால் கிரேக்க பாணி. துணி மெத்தென்று விழுந்து, அடியில் மெல்லிய வெள்ளைத் துணியும் தெரிந்தால் இத்தாலியச் சாயல். ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் குழம்ப வேண்டாம், அதுதான் கிரீட்.

ஐகான்களின் ஓரத்தில், ஒளிவட்டத்தைச் சுற்றி, சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். வெள்ளித் தகடு சாத்தி ஆணி அடித்த இடம். தகடு போய்விட்டது, ஆணித்துளை நிற்கிறது.

வெளியே வந்த பிறகு

பின்பக்கத் தோட்டத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. சிற்றுண்டிச்சாலையும் அங்கேயே இருக்கிறது. ஃபிரெடோ என்ற குளிர்காபி ஒன்று, அரை மணி நேர ஓய்வு. பக்கத்து வளாகம் அரிஸ்டாட்டில் பாடம் நடத்திய லைசியம். 1996இல் வேறொரு கட்டடத்துக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது, 2014இல் திறந்தார்கள். முழங்கால் உயர அடித்தளச் சுவர்கள்தான், பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதற்குத் தனிச் சீட்டு. களைப்பாக இருந்தால் வேலிக்கு வெளியே இருந்து பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

அதைவிட, அன்று மாலையே உயிரோடு இருக்கும் ஒரு கோயிலுக்குப் போய்விடுங்கள். மெட்ரோவில் ஒரு நிலையம் திரும்பி வந்து சின்டக்மாவில் இறங்கி மித்ரோபோலியோஸ் தெருவில் நடந்தால், பெரிய பேராலயத்தின் நிழலில் பொம்மைபோல ஒரு சின்னக் கோயில் நிற்கும். மிக்ரி மித்ரோபோலி என்பார்கள். அதன் வெளிச்சுவரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பழைய கிரேக்கச் சிற்பங்களையும் பைசாந்தியச் சிற்பங்களையும் எங்கிருந்தெல்லாமோ எடுத்துவந்து சுவர்க் கற்களாக வைத்திருக்கிறார்கள். நேரமும் ஒரு முழு நாளும் இருந்தால் நகருக்கு வெளியே 11 கிலோமீட்டரில் தாஃப்னி மடம், 1100ஐ ஒட்டிய மொசைக்குகள், குவிமாட உச்சியில் கண்டிப்பான முகத்தோடு கிறிஸ்து. அது எல்லா நாளும் திறப்பதில்லை, கேட்டுக்கொண்டு போங்கள்.

கோயிலுக்குள் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம், நமக்குக் கை காலெல்லாம் பரபரக்கும், ஆனால் அங்கே வழக்கம் அதுவல்ல. நடுவில் இருக்கும் ஐகான் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்கக் கூடாது, பூசகர்களுக்கு மட்டும். வாசலருகே மெல்லிய பழுப்பு மெழுகுவத்திகள் இருக்கும். பெட்டியில் காசு போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொளுத்தி மணல் தட்டில் நடலாம், எந்த மதத்தவரானாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

பிறகு ஓரமாக உட்கார்ந்து வாசலுக்குப் பக்கத்து ஐகானைக் கவனியுங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள், கடைப்பையோடு வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஒவ்வொருவராக வந்து சிலுவை போட்டுக் குனிந்து முத்தமிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். ஐகானுக்கு முன்னால் கண்ணாடி போட்டிருக்கும், அதில் உதட்டுத் தடங்கள் படிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரு பாட்டிலும் துணியும் எடுத்துவந்து கண்ணாடியைத் துடைப்பார். அவர் நகர்ந்ததும் அடுத்த ஆள் குனிவார்.